பி.யூ.சி. என்றொரு வாசற்படி

எங்கள் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் 'பி.யூ.சி. ஃபெயிலு' என்பார்கள், அதுவே ஒரு பட்டம் மாதிரி. காரணம் இருக்கிறது. பெயிலானாலும் அவர்கள் கல்லூரிக்குள் போய் வந்தவர்கள்.

பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு என்பதைத்தான் பி.யூ.சி. என்றார்கள். இதற்கு முந்தைய கணக்கு வேறு: பள்ளியில் 11 வருஷம் படித்து எஸ்.எஸ்.எல்.சி., கல்லூரியில் இன்டர்மீடியட் இரண்டு, பி.ஏ. இரண்டு. 1956வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகம் இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு, பி.யூ.சி. ஒன்று, பட்டப்படிப்பு மூன்று என மாற்றியது. 1978இல் தமிழ்நாடு 10, 2, 3 என்ற இப்போதைய முறைக்கு வந்தது. கூட்டிப் பாருங்கள், மூன்று முறையிலும் பட்டம் வாங்க 15 வருஷம்தான். மாறியதெல்லாம் கல்லூரியின் கேட் எந்த வருஷத்தில் நிற்கிறது என்பது மட்டுமே.

சென்னையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. தருமபுரிக்காரருக்கு இதுதான் விஷயமே. சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். அரசு கலைக் கல்லூரி வந்ததும் அதே வருஷம். அதுவரை இங்கே எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் பி.யூ.சி. படிக்கப் பெரும்பாலும் 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சேலத்துக்குப் போக வேண்டும். 16 வயசுப் பையன், ஹாஸ்டல் அல்லது சொந்தக்காரர் வீடு. பொண்ணு என்றால் பேச்சே கிடையாது.

போய்ச் சேர்ந்தாலும் கதை முடியாது. பள்ளியில் தமிழில் படித்த பையனுக்குக் கல்லூரியில் பாடமெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷில். பழகிக்கொள்ளக் கிடைப்பது ஒரே வருஷம், அதன் முடிவில் பல்கலைக்கழகப் பரீட்சை. அந்த 'ஃபெயிலு' அங்கேதான் விழுந்தது. அதைப் பையனின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பேன்.

1978க்குப் பிறகு அந்த வருஷம் 'பிளஸ் டூ' என்ற பெயரில் பள்ளிக்கே வந்துவிட்டது. எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் ஒரே நாளில் மேல்நிலைப் பள்ளி ஆகிவிடவில்லைதான். ஆனாலும் அரூர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை 12ஆம் வகுப்பு வரைக்கும் தமிழிலேயே, வீட்டிலிருந்தே போய்ப் படிக்க வழி பிறந்தது. ஊரை விட்டுக் கிளம்பும் வயசு 16இலிருந்து 17, 18க்குத் தள்ளிப்போனது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

இதில் வேடிக்கை, அமெரிக்காவில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2001இல் நியூயார்க்கில் பார்ட் கல்லூரி நகரப் பள்ளித் துறையோடு சேர்ந்து ஒரு பள்ளி தொடங்கியது. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடங்களையும் படித்து முடிக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. 'ஏர்லி காலேஜ்' என்று அதற்குப் பெயர். குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களை மனதில் வைத்து இந்த மாதிரிப் பள்ளிகள் பிறகு நிறைய வந்தன. நாம் கைவிட்டதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பி.யூ.சி. பிள்ளையைக் கல்லூரி இருக்கும் ஊருக்கு இழுத்தது. இவர்கள் கல்லூரிப் பாடத்தைப் பிள்ளையின் பள்ளிக்குள் கொண்டுபோனார்கள். வேலையைப் பார்த்தால் அது நம்ம பிளஸ் டூவுக்குத்தான் நெருக்கம்.

(ஓசூரைத் தாண்டினால் கர்நாடகாவில் இன்னும் அது பி.யூ.சி.தான். அங்கே 11ஆம் வகுப்புப் பிள்ளையும் 'காலேஜ் போறேன்' என்றுதான் சொல்லும்.)

நம்மிடம் பழைய வாசற்படி ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது: பாலிடெக்னிக். பத்தாவது முடித்தவுடன் உள்ளே போகலாம், மூன்று வருஷத்தில் டிப்ளமோ, அதன்பின் நேராக பி.இ. இரண்டாம் வருஷம். பத்தாவதிலிருந்து கணக்கிட்டால் பிளஸ் டூ வழியிலும் இதிலும் பி.இ. முடிக்க அதே ஆறு வருஷம், நடுவில் கையில் ஒரு டிப்ளமோ கூடுதலாக. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறார்களே, அது டிப்ளமோ படிப்பவர்களுக்கும் உண்டு. பத்தாவது ரிசல்ட் வரும் மே மாதத்தில் இதை எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளிடம் எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்?