மணிமங்கலம்

மணிமங்கலம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே சென்றால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பெரிய ஏரியும் அதன் பாசன வயல்களும் பழைய கோயில்களும் கொண்ட இவ்வூர், பல்லவ சாளுக்கியப் போர்க்களங்களுள் ஒன்றாக வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது.

போர்

7ஆம் நூற்றாண்டில் வாதாபிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி தொண்டை நாட்டின் மீது படையெடுத்தான். அவனைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் முதலாம் நரசிம்மவர்மன் தோற்கடித்ததாக, அவன் பேரன் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு கூறுகிறது. மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே இருப்பது கவனிக்கத்தக்கது. மேற்கிலிருந்து வந்த பகைப்படை தலைநகரையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்பதே இதன் பொருள். இதன் பின்னரே பல்லவர் படை வாதாபி வரை சென்று அந்நகரைக் கைப்பற்றியது.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' மூலம் இவ்வூரை அறிந்தோர் பலர். நாவலில் இப்போர் மகேந்திரவர்மன் காலத்தில் நடக்கிறது. செப்பேடு வெற்றியை நரசிம்மவர்மனுக்கே உரியதாக்குகிறது. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கல்வெட்டுகள்

சோழர் காலத்தில் இது செங்காட்டுக் கோட்டத்து மாகணூர் நாட்டில் அடங்கிய பிரமதேய ஊர். உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்று அரசு பெயர் மாற்றிக்கொண்டே இருந்தது. மக்கள் வாயில் நிலைத்ததோ பல்லவர் காலத்திலேயே வழங்கிய மணிமங்கலம் என்ற பெயர்தான்.

இராசகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகியோரின் கல்வெட்டுகள் உள்ளன. நிலக்கொடையைப் பதிவு செய்வதே இவற்றின் நோக்கம். ஆனால் முன்னுரையாக வரும் மெய்க்கீர்த்திதான் ஆய்வாளர்களை ஈர்த்தது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரனின் கல்வெட்டு, கூடல்சங்கமத்தில் கல்யாணிச் சாளுக்கியரை வென்றதை விரிவாகச் சொல்கிறது. புலிகேசி தோற்று நானூறு ஆண்டுகள் கழித்து, அவன் வழிவந்தோர் என்று சொல்லிக்கொண்டவர்களின் தோல்வி அதே ஊரில் பொறிக்கப்பட்டது தற்செயலே. இக்கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகியுள்ளன.

இக்கோயில் மூலவர் வழக்கத்துக்கு மாறாக வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தியவர். தருமேசுவரர் கோயிலின் விமானம் யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாட அமைப்புடையது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

ஏரி

தொண்டை நாட்டில் வற்றாத ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் பெய்வதைத் தேக்கித்தான் ஆண்டு முழுவதும் பிழைக்க வேண்டும். ஊர்கள் தோறும் ஏரி அமைந்தது இதனால்தான். மேல் ஏரி நிறைந்தால் உபரி நீர் கலங்கல் வழியே வழிந்து தாழ்வான பகுதிக்குச் செல்லும். மணிமங்கலம் ஏரியின் உபரி நீர் கிழக்கே ஓடி அடையாற்றில் சேர்கிறது. வழியில் இருந்த வயல்கள் அந்த நீரை வாங்கி மெல்ல விடுத்தன.

தாம்பரம் மேற்கே விரிந்தபோது அந்த வயல்கள் மனைகளாயின. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராசபுரம் குடியிருப்புகளில் வீடுகள் மூழ்கி, மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். பழைய நீர்வழியில்தான் வெள்ளம் வந்தது.