நடுகல்லும் நகரும் சித்திரமும்

வானகரத்தைக் கடந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை பூந்தமல்லி வழியாகக் காஞ்சிபுரத்தை நோக்கிப் போகிறது. அக்காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தது கீழ் ஒட்டிவாக்கம். அவ்வூரில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர். 1944-இல் இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில், கண்ணிவெடி வெடிப்பதற்கு எஞ்சியிருந்த ஒரு சில நொடிகளில் அதன்மேல் பாய்ந்து, தம் உடலால் மூடித் தோழர்களைக் காத்து மாண்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. வகுப்பில் இச்செய்தியை நாம் சொன்னபோது, அதே வட்டாரத்திலிருந்து வரும் மாணவர்கள்கூட அப்பெயரைக் கேள்வியுற்றதில்லை என்றனர்.

அந்தச் சில நொடிகளை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை. பிறகு அதனை எப்படிக் காட்டுவது? இக்கேள்வியே நம்மை அனிமேஷன் எனப்படும் அசைவூட்டப் படங்களிடம் கொண்டு சேர்க்கிறது.

உண்மை நிகழ்வை அசைவோவியமாக்கும் முயற்சி பழமையானது. 1915-இல் லூசிட்டானியா கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டதை வின்சர் மெக்கே 1918-இல் படமாக்கினார். சுமார் 25,000 ஓவியங்கள். ஓடும் நேரமோ பன்னிரண்டு நிமிடங்கள். ஆயினும் அப்படம் பகைவன்மீது சினத்தை மூட்டவே எடுக்கப்பட்டது. சித்திரம் பிரச்சாரத்துக்கும் எளிதில் துணைபோகும் என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது 2008-இல் வெளிவந்த 'வால்ட்ஸ் வித் பஷீர்'. இயக்குநர் ஆரி ஃபோல்மன் 1982-இல் இஸ்ரேலியப் படைவீரராக லெபனான் போரில் இருந்தவர். தம் நினைவிலிருந்தே அழிந்துபோன நாட்களைத் தேடி அவர் பழைய தோழர்களைச் சந்திக்கிறார். உரையாடல்கள் முதலில் ஒளிப்பதிவாகி, பின்னர் வரையப்பட்டன. முகம் காட்ட விரும்பாதவர்க்கு ஓவியம் திரையாயிற்று. கனவுக்கும் பிறழ்ந்த நினைவுக்கும் அது உருவம் தந்தது. ஆனால் சப்ரா, ஷட்டிலா படுகொலையை எட்டும் இறுதியில் ஓவியம் நின்றுவிடுகிறது. உண்மையான ஒளிப்படக் காட்சிகள் வருகின்றன. தன் எல்லை எதுவென்று அக்கலை அறிந்திருந்தது எனலாம். 2015-இல் வெளிவந்த நியூசிலாந்துப் படமான '25 ஏப்ரல்' கலிப்பொலிப் போரில் இருந்த ஆறு பேரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டே வரையப்பட்டது.

இவையெல்லாம் நமக்கு அயலானவை என்று தோன்றலாம். தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியம் காட்சி, கால்கோள் எனத் தொடங்கி வாழ்த்து வரை முறை வகுத்த நடுகல், வீரன் ஒருவனின் இறுதிக் கணத்தை உருவமும் எழுத்துமாகச் சொன்ன கலையே. செங்கம் வட்டார நடுகற்களில் உடலில் தைத்த அம்புகளும் உண்டு. அரசனின் ஆட்சியாண்டும் மாண்டவன் பெயரும் உண்டு. கருநாடகத்து மூன்றடுக்குக் கற்களில் கீழே போர், நடுவே விண்ணேற்றம், மேலே சிவவழிபாடு. கீழிருந்து மேலாகக் கண் நகர, கதையும் நகர்கிறது. எடுத்தனூர் நடுகல்லோ கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையுடன் சென்ற ஸ்டப்பி என்னும் நாய் 2018-இல் அனிமேஷன் படமாயிற்று என்று அறியும்போது நமக்கு வியப்பில்லை.

பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் கதைகளை அமர் சித்திரக் கதை படக்கதையாக்கியுள்ளது. 1987 நவம்பரில் இலங்கையில் மாண்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களுள் ஒருவர். நன்று. எனினும் பதக்கம் பெறாத சிப்பாயின் கதையை யார் வரைவார்? ஆவடியிலும் அம்பத்தூரிலும் பணி ஓய்வு பெற்ற படையினர் பலர் வாழ்கின்றனர். பேரப்பிள்ளைகள் கேட்டால் 'அதெல்லாம் எதற்கு' என்று பேச்சை மாற்றிவிடுபவர்கள் அவர்களில் உண்டு.

ஓவியம் பின்னர் வரலாம். நூறாண்டு கழித்தும் வரலாம். குரல் அவ்வாறு காத்திராது. நடுகல்லுக்கு முதற்படி காட்சி, அதாவது தக்க கல்லைத் தேடிக் காணல். நம் காலத்தில் அக்கல், ஒரு முதியவரின் எதிரே அமர்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதிவைக்கும் குறிப்பேடுதான்.