மூடிய தரவும் முந்திய தீர்ப்பும்: கொரோனாத் தோற்ற விசாரணையில் அரசும் ஊடகமும்

கொரோனா நச்சுயிரி முதன்முதலில் மனிதரை எவ்வழியே வந்தடைந்தது என்ற கேள்விக்கு முடிவான விடை இன்னும் இல்லை. விலங்குவழித் தொற்று, ஆய்வகக் கசிவு ஆகிய இரண்டில் எது சரி என்று இக்கட்டுரை தீர்ப்பளிக்க முற்படவில்லை. சீன அரசு தரவை மூடிவைத்ததும் ஊடகங்கள் தீர்ப்பை முந்திக்கொண்டு சொன்னதும் சேர்ந்தே விசாரணையை முடக்கின என்பது இதன் வாதம்.

2020 ஜனவரி 11 அன்று சீன நச்சுயிரியலாளர் சாங் யோங்சனின் குழு நச்சுயிரியின் மரபணு வரிசையை உலகறிய வெளியிட்டது. மறுநாளே ஷாங்காயிலிருந்த அவருடைய ஆய்வகத்தை மூட உத்தரவு வந்தது. வூஹானின் ஹுவானான் சந்தையில் 2020 தொடக்கத்தில் எடுத்த மாதிரிகளின் மூல வரிசைகள் 2023இல்தான் பன்னாட்டுத் தரவகம் ஒன்றில் தென்பட்டன. பிற நாட்டு ஆய்வாளர்கள் கண்டுகொண்டதும் பார்வையிலிருந்து மறைந்தன. நச்சுயிரியின் தடயம் இருந்த மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணுவும் காணப்பட்டது. விலங்குவழித் தோற்றத்துக்கு வலுச்சேர்க்கும் தரவும் மூன்றாண்டு மூடிக்கிடந்தது என்பதே இதன் பொருள். ஆகவே ‘மறைத்தார்கள், எனவே ஆய்வகம்தான்’ என்ற முடிவு தருக்கத்தில் நிற்காது. மறைப்பு எந்தக் கருதுகோளையும் மெய்ப்பிப்பதில்லை. எல்லாக் கருதுகோள்களையும் சோதிக்க முடியாதவையாக ஆக்குகிறது.

ஊடகத்தின் பிழை வேறு வகை. 2020 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் டாம் காட்டன் வூஹான் ஆய்வகம் பற்றி எழுப்பிய ஐயத்தை, ஏற்கெனவே தகர்க்கப்பட்ட சதிக்கோட்பாடு என்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ தலைப்பிட்டது. 2021இல் அச்சொற்களை நீக்கித் திருத்தம் வெளியிட்டது. நச்சுயிரி மனிதரால் உருவாக்கப்பட்டது என்ற பதிவுகளை 2021 பிப்ரவரியில் நீக்கத் தொடங்கிய ஃபேஸ்புக், மே மாதம் அத்தடையை விலக்கிக்கொண்டது. திட்டமிட்டு உருவாக்கிய ஆயுதம் என்பது ஒரு கூற்று. ஆய்வகத்தில் விபத்தாக நேர்ந்த தொற்று என்பது மற்றொன்று. முதலாவதற்கான மறுப்பு இரண்டாவதன் மீதும் சுமத்தப்பட்டது. சீன வம்சாவளியினர் மீது வெறுப்பு பரவிய அந்நாளில் செய்தியாளர் காட்டிய எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் வெறுப்பை மறுக்க, நிறுவப்படாததைப் பொய் என்று அறிவிக்க வேண்டியதில்லை. எது எந்த அளவு அறியப்பட்டுள்ளது என்று எழுதுவதே போதும்.

2025 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, கிடைத்த சான்றுகள் விலங்குவழித் தோற்றத்தின் பக்கம் சாய்வதாகக் கூறியது. எனினும் எந்தக் கருதுகோளையும் விலக்கவில்லை. தொடக்கக்கால நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகளைச் சீனா தரவில்லை என்றும் அது பதிவுசெய்தது.

காக்கப்பட்ட மாதிரி என்ன செய்யும் என்பதற்கு முந்தைய சான்று ஒன்று உண்டு. 1979இல் சோவியத்தின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் பரவியபோது, கெட்ட இறைச்சியே காரணம் என்றது அரசு. இராணுவ வளாகத்திலிருந்து கிருமி காற்றில் பரவியதை 1994இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதற்குத் துணைநின்றவற்றுள் ஒன்று, உள்ளூர் நோயியல் மருத்துவர்கள் காப்பாற்றி வைத்திருந்த திசு மாதிரிகள். அரசின் விளக்கம் மாறலாம், செய்தித் தலைப்பைத் திருத்தலாம். அழிந்த மாதிரியை மீட்க வழியில்லை. எனவே தொற்று தொடங்கும் நாளிலேயே மாதிரிகளையும் மூலத் தரவையும் காத்துப் பகிர்வது அரசின் சட்டக் கடமையாக வேண்டும். அவை எங்கே என்று விடாமல் கேட்பது ஊடகத்தின் கடமை.