வலியும் வலிநிவாரணமும்: தாம்பரம் வட்டார வரலாறு

வலி என்பது உடல் சேதத்தோடு, அல்லது சேதம் போன்ற ஒன்றோடு, சேர்ந்து வரும் விரும்பத்தகாத உணர்வும் மனநிலையும் ஆகும். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரையறையின் சாரம் இது. காய்ச்சலை வெப்பமானியால் அளக்கலாம், சர்க்கரையை ஒரு துளி ரத்தத்தில் பார்த்துவிடலாம். வலிக்கு அப்படி ஒரு கருவி இன்றுவரை இல்லை. வலிக்கிறவர் சொல்வதே சான்று. வலிமருந்துகளின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுவது வழக்கம்: 1800களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தார், 1899இல் பேயர் நிறுவனம் ஆஸ்பிரினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1950களில் பாராசிட்டமால் பரவியது. சென்னையில் அடையாறு முதல் தாம்பரம் வரையிலான மருத்துவமனைகளில் நடந்ததை வைத்துப் பார்த்தால், இந்த வரிசை பாதிக் கதையையே சொல்கிறது. மருந்து பெரும்பாலும் முன்பே கைவசம் இருந்தது. நோயாளியின் சொல்லை நம்பி அதைக் கொடுக்கலாம் என்ற முடிவுக்கு வரத்தான் காலம் பிடித்தது.

சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை. முதுகு பிடித்துக்கொள்கிறது, கால் உளைகிறது, மூட்டு குடைகிறது, தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. யாரும் இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. சித்த மருத்துவம் வலிகளில் பெரும்பகுதியை வளியின், அதாவது வாதத்தின், கோளாறாகக் கண்டது. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 ஆகப் பிரிக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 செப்டம்பர் 3 அன்று திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு 'அழல் கீல்வாயு' என்றே பெயர். இந்த வகைப்பாட்டின் உடலியல் விளக்கத்தை நவீன மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால் எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டுப் பிரிக்கும் பழக்கம் வீண்போகவில்லை: கனடாவில் உளவியலாளர் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலும் நோயாளிகள் பயன்படுத்தும் சொற்களை அடுக்கித்தான் உருவானது. அவரும் நரம்பியல் ஆய்வாளர் வாலும் 1965இலேயே முன்வைத்த 'வாயில் கோட்பாடு', தேய்ப்பதால் எழும் தொடுவுணர்வு முதுகுத்தண்டில் வலிச்செய்தியை மட்டுப்படுத்துகிறது என்றது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கி, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனத்தை நெற்றியில் தேய்த்தவர்களுக்கு விளக்கம் எழுபது ஆண்டு தாமதமாகக் கிடைத்தது.

தாம்பரத்தின் தனிக்கதை காசநோயில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவரும், கணித மேதை ராமானுஜனுக்கு அங்கே 1917இல் சிகிச்சை அளித்தவருமான டாக்டர் சவுரி முத்து, 1928இல் இங்கே சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு இவையே சிகிச்சை. நோயைத் தீர்க்க வழியில்லாததால் நோயாளியின் சௌகரியத்தைப் பார்ப்பதே மருத்துவரின் வேலையில் பெரும்பங்கு. 1952இல் ஐசோனியசிட் வந்தபின் கவனம் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் நகர்ந்தது. அதே மருந்து உடலில் பி6 சத்தைக் குறைத்துப் பாத எரிச்சலைக் கிளப்பவும் செய்தது. 1993 முதல் இவ்வளாகம் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது, 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அக்கூட்டில் இருந்த ஸ்டாவுடின் மலிவானது, உயிரைக் காத்தது, கூடவே பலருக்குக் கால் நரம்புகளைக் கெடுத்தது. உள்ளங்கால் தணலில் வைத்ததுபோல் எரியும், போர்வை பட்டால்கூடப் பொறுக்காது, செருப்பு கழன்றாலும் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இராது. ரத்தத்தில் சிடி4 எனும் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும், அதாவது காகிதத்தில் அவர் தேறிவருபவர். இந்த எரிச்சலுக்கு டைக்ளோஃபினாக் போன்ற வழக்கமான வலிமாத்திரை பெரிதாக உதவாது. வீங்கிய திசுவில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பதே அந்த வகை மருந்துகளின் வேலை என்று மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டியிருந்தார். இங்கே பழுதானது செய்தி கொண்டுபோகும் நரம்பே. ஐசோனியசிட்டுக்குத் துணையாக பி6 மாத்திரை கொடுக்க வேண்டும், ஸ்டாவுடினை மாற்ற வேண்டும், நரம்பு வலிக்கான வேறு மருந்துகளைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் முதல் தடயம், 'குத்துது' என்று சொல்லாமல் 'எரியுது' என்று நோயாளி சொன்ன ஒரு சொல்தான். 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது.

அடையாறில் சிக்கல் வேறு. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு அங்கே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986இல் ஒரு படிமுறையை வெளியிட்டது: முதலில் பாராசிட்டமால் போன்றவை, பிறகு கோடீன், அதற்கும் அடங்காவிட்டால் வாய்வழி மார்ஃபின், வலி தலைதூக்கும்வரை காத்திராமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் 1985 நவம்பரிலேயே இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. குறைந்தது பத்தாண்டுச் சிறை என்ற அச்சமும், பல துறை உரிமங்களை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டிய அலைச்சலும் சேர்ந்து மருத்துவமனைகளை மார்ஃபினைக் கைவிட வைத்தன. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1985இல் ஏறத்தாழ 600 கிலோ. 1997இல் 18 கிலோ. இத்தனைக்கும் சட்டப்படி அபின் பயிரிட்டு, நீமச்சிலும் காஜிப்பூரிலும் பதப்படுத்தி, ஏற்றுமதி செய்யும் நாடு இது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றானது.

மார்ஃபினுக்குக் கதவைத் திறந்தால் அமெரிக்காவின் கதிதான் என்பார்கள். தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. 1996இல் அங்கே ஆக்ஸிகோண்டின் என்ற அபின்வகை வலிமாத்திரை வந்தபின் எழுந்த அலையில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். டேபென்டடால் என்ற வலிமாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்தி நம் புறநகர்களிலிருந்தும் வருகிறது. ஆனால் அமெரிக்காவில் மருத்துவர்கள் நம்பியது நோயாளியின் சொல்லைவிட விற்பனைப் பிரதிநிதியின் சொல்லை. டேபென்டடாலையோ மார்ஃபினைப் பூட்டிய சட்டம் தடுக்கவே இல்லை. வலியை யாரும் மிகைப்படுத்திச் சொல்லலாமே என்பது இன்னொரு ஆட்சேபம். எவ்வளவு வலி என்ற கேள்விக்கு அது பொருந்தும். எப்படிப்பட்ட வலி என்று கேட்டால் பொய் சொல்வது அத்தனை எளிதல்ல. அந்தக் கேள்வியே எழாத இடம் மருந்துக்கடை. 'உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க' என்றால் கத்தரிக்கோல் அட்டையை நறுக்கும்: வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சிலசமயம் பொட்டளவில் ஒரு ஸ்டீராய்டு. நறுக்கிய துண்டில் பெயரும் இராது, காலாவதித் தேதியும் இராது. நாளை வேலைக்குப் போயாக வேண்டிய தொழிலாளிக்கு அது இன்றிரவைக் கடத்தித்தரும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியதும் அதுவே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகின்றன. வருகிறவரிடம் 'வலிக்குது' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, ராத்திரியில் கூடுகிறதா என்று சொல்லுங்கள். எழுதித்தரும் மாத்திரை அதைப் பொறுத்து மாறும்.