தபால் பொதிக்குக் காவல்

அனுப்பியவர் கையிலும் இல்லாமல், பெற வேண்டியவர் கையிலும் சேராமல், ஒரு பொருள் இடைவழியில் மறைந்துபோவது, வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் நாள்தோறும் வந்திறங்கும் இக்காலத்தில் புதிதாக முளைத்த குறையன்று. தன் பொருளைப் பிறன் கையில் ஒப்படைத்துத் தூரதேசத்துக்கு அனுப்ப மனிதன் துணிந்த நாள்தொட்டு உடன் வந்த துன்பம் அது. அதைத் தடுப்பதற்கு நம் நாட்டில் ஏற்பட்ட முறைகளின் சரித்திரம், யுத்தங்களின் சரித்திரம்போல ஏடுகளில் விரிவாக இடம்பெறவில்லையாயினும், முகமறியாத ஜனங்கள் ஒருவரையொருவர் நம்புவதற்குக் கற்றுக்கொண்ட சரித்திரமாதலால், சிரத்தையோடு அறியத்தக்கதென்றே நான் கருதுகிறேன்.

கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்தில் தபால் என்பது கால்நடையாக ஓடியது. 1766இல் கிளைவ் வகுத்த ஏற்பாட்டின்படி, தபால் செல்லும் பாதைகளின் ஓரத்திலிருந்த ஜமீன்தார்களே ஓட்டக்காரர்களை அளிக்கக் கடமைப்பட்டிருந்தனர்; அதற்கு ஈடாக அவர்கள் செலுத்த வேண்டிய வரியில் ஒரு பகுதி தள்ளிக்கொடுக்கப்பட்டது. 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அந்தத் தபாலைப் பொதுஜனங்களுக்கும் திறந்துவிட்டார். சென்னையில் 1786ஆம் ஆண்டு பெரிய தபாலாபீஸ் ஏற்பட்டது. கடிதங்களைத் தோற்பையில் இட்டுத் தோளில் சுமந்து, கையில் ஈட்டி முனையும் மணிகளும் கோத்த கோலோடு, சில மைல் தொலைவு ஓடி, அங்கே காத்திருக்கும் அடுத்தவனிடம் பையை ஒப்படைப்பது ஓட்டக்காரனின் வேலை. காட்டுப்பாதைகளில் இரவு நேரத்தில் தீவட்டிக்காரனும் பறை முழக்குவோனும் அவனுக்குத் துணை சென்றார்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அஞ்சல் என்னும் தனி இலாகாவின் ஓட்டக்காரனும் இவ்வாறே மணிக்கோலுடன் ஓடினான். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு பகுதியாக விளங்கும் நாஞ்சில் நாட்டுப் பாதைகளில் அந்த மணியோசை கேட்டவர்கள் விலகி நின்று வழிவிட்டனர். 1951ஆம் ஆண்டு இந்தியத் தபால் இலாகாவோடு இணையும்வரை அந்த அஞ்சல் தனித்தே நடந்தது.

கடிதம் இலேசானது; பொதியோ கனமானது, ஆசை மூட்டுவதுமாகும். பார்சல்களைச் சுமப்பதற்கென்று 'பங்கி தபால்' என்ற தனி ஏற்பாடு அந்நாளில் இருந்தது. தோளில் தாங்கிய கழியின் இரு முனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டு, நம் பக்கத்துக் காவடியைப் போலச் சுமந்துசென்ற அந்த ஆள், கடிதம் சுமப்பவனைவிட மெதுவாகவே செல்ல இயலும்; அவனுடைய சுமையைக் கண்ணால் கண்ட மாத்திரத்தில் உள்ளே பொருள் இருக்கிறதென்பது கள்வனுக்கு விளங்கிவிடும். இத்தனை அபாயத்தையும் ஏற்றுக்கொண்டு, புலியும் வெள்ளமும் கள்வரும் நிறைந்த பாதைகளில் சொற்பக் கூலிக்கு ஓடிய அந்த எளியவர்களுடைய நாணயத்தின்மீதே தபாலின் கௌரவம் முழுவதும் நின்றது என்பதை நினைக்கும்போது, அவர்களுள் ஒருவர் பெயரையேனும் நம்முடைய பாடப்புத்தகங்கள் குழந்தைகளுக்குச் சொல்லவில்லையே என்ற வருத்தம் எனக்கு எழாமற் போவதில்லை.

பாதை அபாயமானது என்பதை அறிந்த வியாபாரிகள், சர்க்காரின் காவலை மாத்திரம் நம்பியிராமல், தாமே ஓர் உபாயம் கண்டனர். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சர்க்கார் காகித நோட்டுகளை வெளியிடத் தொடங்கியபின், பெருந்தொகையைத் தபாலில் அனுப்ப வேண்டியவர் நோட்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். ஒரு பாதி முதல் தபாலில் செல்லும். அது வந்து சேர்ந்தது என்று பெற்றவர் பதில் எழுதி, அந்தப் பதிலும் கைக்குக் கிடைத்த பிறகே, மற்றப் பாதி புறப்படும். இரண்டு பாதிகளின் எண்களையும் ஒப்பிட்டு, ஒட்டி, நோட்டை மீண்டும் முழுப் பணமாக்கிக்கொள்வார்கள். வழியில் ஒரு பாதியைத் திருடியவனுக்கு அது வெறுங்காகிதம். மதுரையிலிருந்து சென்னைக்குப் பணம் அனுப்பும் ஒரு ஜவுளி வியாபாரி, இருமுறை தபாற்கூலி கொடுத்து, பல நாள் காத்திருந்து, அத்தனைக்கும் பின்னரே தன் கணக்குப் புத்தகத்தில் 'சேர்ந்தது' என்று எழுதிக்கொண்டிருப்பார். 1880இல் தபாலாபீஸ் மணியார்டர் முறையை ஏற்று நடத்தத் தொடங்கியபோது ஜனங்கள் அதனிடம் ஓடோடிச் சென்றதன் காரணத்தை, இந்த வெட்டிய நோட்டுகளின் கதையை அறிந்தவர்கள் எளிதில் உணரலாம்.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ரயில் ஓடத் தொடங்கி, பிறகு இருப்புப்பாதை நாடெங்கும் பரவியது. மூட்டைகள் தோளிலிருந்து இறங்கி ரயிலேறின. வழிப்பறிக்கு இடம் குறுகிற்று. ஆனால் பொதியானது அனுப்பிய ஊரின் குமாஸ்தா, பையைக் கட்டுபவர், ஸ்டேஷன் சிப்பந்தி, ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். ஊழியர், சேரும் ஊரின் குமாஸ்தா, கடைசியாகத் தபால்காரர் என்று ஒருவர் பின் ஒருவராகப் பலர் கையைக் கடந்து செல்வதாயிற்று. ஈட்டிக்குப் பயந்து விலகும் திருடன் வேறு, மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் திருடன் வேறு. பின்னவனைத் தடுக்க ஆயுதம் பயன்படாது. அதற்கு எழுத்துத்தான் வேண்டும்.

இந்த இடத்தில்தான் தபால் இலாகாவின் மகத்தான சாதனையை நான் காண்கிறேன். பதிவு செய்த பொருளுக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் ஒவ்வோர் ஆபீஸின் பட்டியலிலும் ஏறும். கொடுப்பவர் எழுதிக் கொடுப்பார். வாங்குபவர் பையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்திட்டு வாங்குவார். அந்தக் கணத்தில் கொடுத்தவருடைய பொறுப்புத் தீர்ந்து, வாங்கியவருடைய பொறுப்புத் தொடங்கும். பொருள் சேரவில்லை என்று ஒருவர் மனுக்கொடுத்தால், அவரிடமுள்ள ரசீதின் எண்ணைக்கொண்டு முதல் ஆபீஸின் பட்டியலைப் புரட்டி, அங்கிருந்து அடுத்த ஆபீஸுக்கு எழுதி, அதன் பட்டியலையும் பார்த்து, இவ்வாறு கையெழுத்துக்குப் பின் கையெழுத்தாகத் தேடிச் சென்றால், 'வாங்கினேன்' என்று எழுதியிருந்தும் 'கொடுத்தேன்' என்பதற்கு எதிர்க்கையெழுத்துக் காட்ட இயலாத ஒருவரிடத்தில் அந்தத் தேடல் சென்று நிற்கும். விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். சில வேளை மாதக்கணக்கில் நீண்ட இந்த விசாரணையைத் தாமதம் என்று குறைகூறியவர்கள் உண்டு. ஆனால் கல்கத்தாவுக்கும் தென்காசிக்கும் இடையே தொலைந்த ஒரு சிறு பொட்டலத்தை, தொலைபேசிகூட அரிதாயிருந்த காலத்தில், காகிதத்தையும் மையையும் மாத்திரம் துணைகொண்டு தேட முடிந்தது என்பது சாமானிய காரியமன்று.

விலையுயர்ந்த பொருளுக்கு இன்ஷியூர் செய்யும் முறையும் வந்தது. நகை, நாணயம் முதலியவற்றை இன்ஷியூர் செய்தே அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள். அப்படி அனுப்பும் பொதியைத் துணியில் வைத்துத் தைத்து, தையல் ஓடும் வழியெல்லாம் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைக்க வேண்டும். முத்திரைகள் யாவும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். அந்த அச்சு அனுப்புபவருக்கே உரிய அடையாளமாக இருக்க வேண்டும். அவசரத்துக்குச் சட்டைப்பையிலிருக்கும் ஒரு காசை அரக்கில் அழுத்திக் கொடுத்தால் குமாஸ்தா ஏற்கமாட்டார். காசு எல்லோரிடமும் இருப்பதால், வழியில் முத்திரையை உடைத்தவன் அதே காசை அழுத்தி மீண்டும் மூடிவிடக்கூடும் அல்லவா? பொதியின் எடையைக் குறித்துக்கொள்வார்கள். சேரும் இடத்தில் முத்திரையில் கீறலோ எடையில் குறைவோ தெரிந்தால், விலாசதாரரை வரவழைத்து, தபாலதிகாரியின் முன்னிலையில் பொதியைப் பிரித்து, உள்ளிருப்பவற்றை ஒவ்வொன்றாக எழுதி, இரு திறத்தாரும் கையெழுத்திடுவார்கள்.

1877இல் ஏற்பட்ட வி.பி.பி. முறையோ மற்றொரு கவலையைத் தீர்த்தது. பட்டணத்துப் புத்தகக்கடைக்கு முன்பணம் அனுப்பிவிட்டுப் புத்தகம் வருமோ வராதோ என்று ஏங்கிய கிராமத்து வாசகர், பொருள் வாசலுக்கு வந்த பிறகு தபால்காரரிடமே விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. பணம் கிடைக்குமோ என்று தயங்கிய கடைக்காரருக்கும் தபாலாபீஸே அதை வசூலித்து அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்கள் சிற்றூர்கள்வரை சென்றதற்கு இம்முறை செய்த உபகாரம் மிகப் பெரியது. ஆயினும் பணம் கொடுக்குமுன் பொதியைப் பிரித்துப் பார்க்க இயலாதாகையால், கேளாதவருக்கு அனுப்பியும், மதிப்பற்ற பொருளை அடைத்தனுப்பியும் ஏமாற்றியவர்கள் தோன்றினார்கள். உண்மையாக வந்த ஆர்டரின்பேரிலேயே இதை அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் உறுதிமொழி எழுதித்தர வேண்டுமென்று விதிப்பதற்கும், வஞ்சகம் புலனாகுமிடத்து வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து விலாசதாரருக்கே திருப்பித் தருவதற்கும் 1898ஆம் ஆண்டின் தபாலாபீஸ் சட்டம் இடமளித்தது.

அதே சட்டம், வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேற்பட்டு, தபாலில் தொலைந்த பொருளுக்கோ சேதத்துக்கோ தாமதத்துக்கோ சர்க்கார் உத்தரவாதமில்லை என்று தன் ஆறாம் பிரிவில் கூறிற்று; வேண்டுமென்றே தீங்கிழைத்த அல்லது மோசம் செய்த ஊழியர் மாத்திரமே பொறுப்பாளி. தபாற்பொருளைத் திருடுகிற, மறைக்கிற அல்லது அழிக்கிற ஊழியருக்கு ஏழாண்டுவரை சிறைத்தண்டனை உண்டு என்று ஐம்பத்திரண்டாம் பிரிவு விதித்தது. பொருளை இழந்தவருக்கு நஷ்டஈட்டைச் சுருக்கிவிட்டுத் திருடிய சிப்பந்திக்குத் தண்டனையை நீட்டிய இந்த ஏற்பாடு, சர்க்காரின் கஜானாவுக்குப் பாதுகாப்பேயன்றி ஏழை விலாசதாரருக்கு நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். அச்சட்டத்தை நீக்கிவிட்டு 2024 ஜூன் மாதம் அமலுக்கு வந்த 2023ஆம் ஆண்டின் புதுச்சட்டமும், விதிகளில் குறிப்பிட்டாலன்றித் தபாலாபீஸுக்குப் பொறுப்பில்லை என்ற நிலையிலேயே நிற்கிறது.

தொலைந்தவை யாவும் திருடப்பட்டவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மேல்விலாசம் மழையில் அழிந்தவை, ஆள் ஊர்மாறிப் போனவை, அனுப்பியவரும் யாரென்று தெரியாதவை ஆகியவை டெட் லெட்டர் ஆபீஸைச் சென்றடைந்தன. பிறர் கடிதத்தைப் பிரிக்க அதிகாரம் பெற்ற அங்குள்ள குமாஸ்தாக்கள், விலாசத்தை அறிவதற்கு வேண்டிய அளவே படித்து, உரியவரிடம் சேர்க்க முயன்றனர். அங்கும் உரியவர் அகப்படாவிட்டால், கெட்டுப்போகாத விற்பனைப் பொருள்களை ஓராண்டு வைத்திருந்து பிறகே விற்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. வீட்டில் ஆளில்லாமல் திரும்பிய பதிவுப் பொருளையும் தபால்காரர் திண்ணையில் வைத்துவிட்டு வந்ததில்லை. அறிவிப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டு, ஏழு நாள் ஆபீஸில் காத்துவைத்திருப்பார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு கைநாட்டு வாங்கினார்கள்.

இன்றைய வீட்டு விநியோகத்தில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் தளர்ந்திருக்கிறது. கிடங்கிலிருந்து தெருமுனைவரை ஒவ்வோரிடத்திலும் பொதியின் கோடுகளைக் கருவி படித்துக் கணக்கில் ஏற்றுகிறது. பொருள் இருக்குமிடத்தை நாமே கைபேசியில் பார்க்கிறோம். வாசலுக்கு வந்தபின்னோ, பூட்டிய கதவின் முன் பெட்டியை வைத்து, ஒரு படமெடுத்து, 'ஒப்படைக்கப்பட்டது' என்று பதிவு செய்துவிட்டு இளைஞன் அடுத்த வீட்டுக்கு விரைகிறான். அவன்மீது எனக்குக் கோபமில்லை. நேரத்தோடு போட்டியிட்டு ஓடும் அவனும் அந்தப் பழைய ஓட்டக்காரனின் வாரிசுதான். ஆனால் படம், பெட்டி அங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. அதை எடுத்தவர் யார் என்பதற்குச் சாட்சி ஆகாது. இக்குறையைக் கண்டே பல நிறுவனங்கள், பெறுபவரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு பொருளைத் தருகின்றன. அந்த எண் பழைய கையெழுத்தின் வேலையைச் செய்கிறது. ஆகையால் பொருள் கைக்கு வருமுன் அதைத் தொலைபேசியில் சொல்லிவிடுவது, வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். விலையுயர்ந்த பொருளை வாசலிலேயே பிரித்துக் காட்டி ஒப்படைக்கும் ஏற்பாடும், தபாலதிகாரி முன்னிலையில் பிரித்த அந்தப் பழைய வழக்கத்தையே தழுவியது.

2025இல் பதிவுத் தபால் என்னும் தனிச்சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மறைந்ததைவிட, ரசீதைப் பத்திரப்படுத்தும் பழக்கம் நம் வீடுகளிலிருந்து மறைவதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பெட்டி வரவில்லையென்றால், ஆர்டர் எண்ணையும் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, அன்றே விற்றவருக்கு எழுத்தில் அறிவிப்பது இழந்தவர் செய்ய வேண்டிய முதற்காரியம். அதற்குப் பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதுவும் கைகொடாதபோது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே ஒருவர் மனுக்கொடுக்கலாம்.