ஊத்திலிருந்து கிட்டார் வரை: நாம் சொன்ன ஒரு தவறான காரணம்



தல்லாகுளத்தில் மாலை நேர மக்தப் நடத்திவரும் நமக்குப் பெற்றோரிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. பிள்ளை ஓதலில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான், ரமளானில் வகுப்பு உண்டா, இவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நம்மைத் தனியே அழைத்தார். கோரிப்பாளையம் பக்கம் கடை வைத்திருப்பவர். "ஹஜ்ரத், பையன் கிட்டார் கத்துக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். சவூதியிலேர்ந்து வந்த அவன் மாமா ஒண்ணு வாங்கியும் குடுத்துட்டாரு. கூடுமா கூடாதா, நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு" என்றார். பதினான்கு வயதுப் பையன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

நாம் ஒரு வார்த்தை அல்ல, இரண்டு வார்த்தை சொன்னோம். கூடாது என்பது முதலாவது. அது கிறிஸ்தவர்களின் கருவி, நமக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பது இரண்டாவது. பையன் மெல்ல, "இல்ல ஹஜ்ரத், அரபுகள்ட்டேர்ந்துதான் ஸ்பெயினுக்குப் போச்சுன்னு படிச்சேனே" என்றான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அவனை அடக்கினோம். மறுவாரம் முதல் அவன் மக்தபுக்கு வரவில்லை.

முதல் வார்த்தைக்கு நம்மிடம் கிதாபுகள் இருந்தன. இரண்டாவதற்கு எதுவும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தோம். அந்த உறுத்தலில்தான் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் ஒரு பகுதியே இக்கட்டுரை.

அரபியில் 'ஊத்' என்றால் மரம், மரத்துண்டு. அகில் கட்டைக்கும் அதுவே பெயர். நம் வீடுகளில் வெள்ளி இரவு ஏற்றுகிற ஊதுபத்தியில் இருப்பதும் அந்தச் சொல்தான் என்பர். பேரிக்காயை நெடுக்காகப் பிளந்தது போன்ற வயிறும், குட்டையான கழுத்தும் கொண்ட நரம்பிசைக் கருவிக்கும் ஊத் என்றே பெயர். 'அல்-ஊத்' என்பதை ஸ்பானியர் 'லாவூத்' ஆக்கினர். ஆங்கிலேயர் 'லூட்' என்றனர். 'கிட்டார்' என்ற பெயரோ கிரேக்கத்தின் 'கித்தாரா'விலிருந்து தோன்றி, அரபியில் 'கீதாரா'வாகப் புழங்கி, ஸ்பெயினில் 'கிதாரா'வாக நிலைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உலகில் உள்ளதெல்லாம் நம்மவர் கண்டுபிடித்ததே என்று மேடைகளில் முழங்கும் பழக்கம் நமக்கு உண்டு. கிட்டாரை ஊத்தின் மகன் என்று சொல்லிவிட முடியாது. ஊத்தின் முதுகு உருண்டை, கிட்டாரின் முதுகு தட்டை. கிட்டாருக்கு இடுப்பு உண்டு, ஊத்துக்குக் கிடையாது. அதன் வம்சத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. எனினும் ஸ்பெயின் மண்ணில் இரண்டும் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தன. 13ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னர் தொகுப்பித்த பாடற்சுவடியின் ஓவியம் ஒன்றில், ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவரும் எதிரெதிரே அமர்ந்து நரம்புக் கருவிகளை வாசிக்கிறார்கள். அக்காலத்து ஸ்பானியர் 'லத்தீன் கிதாரா', 'மூர்களின் கிதாரா' என்று இரு வகையைப் பெயர் சொல்லியே பிரித்தனர். நாம் சொன்ன "எந்தச் சம்பந்தமும் கிடையாது" என்ற வாசகம் அந்த ஓவியத்தின் முன் நிற்காது.

கதை பாக்தாதில் தொடங்குகிறது. அப்பாஸியர் காலத்தில் அங்கே ஊத் வாசிப்பு ஒரு கலையாகவும் கல்வியாகவும் வளர்ந்திருந்தது. தத்துவ ஞானி அல்-கிந்தி 9ஆம் நூற்றாண்டில் இசை பற்றி எழுதிய சிறு நூல்கள் சில இன்றும் கிடைக்கின்றன. 950இல் மறைந்த அல்-ஃபாராபி 'கிதாபுல் மூஸீகா அல்-கபீர்' என்ற பெருநூலையே எழுதினார். இவர்கள் ஸ்வரங்களுக்குப் பெயரிட்ட முறையைக் கண்டதும் நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டோம். விரல் படாத திறந்த நரம்புக்கு 'முத்லக்'. பிறகு ஸப்பாபா, வுஸ்தா, பின்ஸிர், கின்ஸிர். அதாவது ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். எந்த விரல் நரம்பை அழுத்துகிறதோ அந்த விரலின் பெயரே அந்த ஒலிக்கும் பெயர். அத்தஹிய்யாத் இருப்பில் ஸப்பாபாவை நீட்டும் முறையைப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். அதே சொல் ஓர் இசை ஸ்வரத்தின் பெயராகவும் இருந்தது என்பதை அன்றுவரை அறியோம்.

பாக்தாதின் ஊத் கலைஞர் ஸல்ஸல் என்பவருக்குப் புகழ் தேடித் தந்ததும் ஒரு விரல்தான். நடுவிரலை அவர் வழக்கமான இடத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, இரண்டு ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட ஓர் ஒலியை எழுப்பினார். 'வுஸ்தா ஸல்ஸல்', அதாவது ஸல்ஸலின் நடுவிரல், என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. இது பின்னால் மீண்டும் வரும்.

பாக்தாதின் பேராசான் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலியிடம் பயின்ற அபுல் ஹஸன் அலீ இப்னு நாஃபிஉ, கரும்பறவை என்னும் பொருளில் 'ஸிர்யாப்' எனப்பட்டார். அவர் 822இல் அந்தலுஸ் நாட்டுக் கரையில் இறங்கினார். அழைத்திருந்த அமீர் முதலாம் ஹகம் அதற்குள் மரணமடைந்திருந்தார். திரும்பிவிட நினைத்தவரை, வரவேற்க வந்திருந்த மன்ஸூர் என்னும் யூத இசைஞர் தடுத்துப் புதிய அமீரிடம் அழைத்துச் சென்றார் என்று வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதுகிறார். அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவருக்கு மாதம் 200 தீனார் ஊதியம் அளித்தாராம். அதுவரை நான்கு நரம்புகளே கொண்டிருந்த ஊத்தில் ஐந்தாவதாக ஒன்றை நடுவே சேர்த்தவரும், மரக்குச்சிக்குப் பதிலாகக் கழுகின் இறகால் மீட்டியவரும் அவரே என்பது அல்-மக்கரீ தரும் செய்தி. உடலின் நான்கு தாதுக்களுக்கும் நான்கு நரம்புகள், உயிருக்கு ஒன்று இல்லையே என்று சொல்லி, சிவப்பு நிறத்தில் அந்த ஐந்தாவதைக் கட்டினாராம்.

அவர் மாணவரைச் சேர்த்துக்கொண்ட விதமே நம்மை அதிகம் ஈர்த்தது. புதிதாக வருபவனை உருண்டைத் திண்டில் உட்காரவைத்து, "யா ஹஜ்ஜாம்" என்று உரக்கக் கத்தச் சொல்வாராம். குரல் தளர்ந்திருந்தால் வயிற்றைச் சுற்றித் தலைப்பாகைத் துணியைக் கட்டுவார். வாய் நன்றாகத் திறக்காவிட்டால் பற்களுக்கிடையே ஒரு மரத்துண்டை வைத்துப் பழக்குவார். பாடம் மூன்று படிகளாக நடக்கும்: முதலில் தாளமும் சொல்லும், அடுத்து அலங்காரமில்லாத மெட்டு, கடைசியில்தான் அலங்காரம். முதலில் எழுத்து, பிறகு கூட்டெழுத்து, பிறகு தஜ்வீத் என்று காயிதாவை நடத்துகிற எவருக்கும் இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது.

சரி, மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது? மறைக்க வேண்டியதில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்பிசைக் கருவிகளைக் கூடாது என்றே சொல்லியுள்ளனர். மதுரை வட்டாரத்தில் நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபும், காயல்பட்டினம், கீழக்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் இதில் ஏறத்தாழ ஒன்றே. இசைக் கருவிகளை ஆகுமாக்கிக்கொள்ளும் கூட்டத்தாரைக் கண்டித்து புகாரியில் இடம்பெறும் ஹதீஸ் இதற்கு முக்கிய ஆதாரம். மறுபக்கம், பெருநாளன்று ஆயிஷா (ரலி) வீட்டில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் புகாரியில்தான் உள்ளது. தஃப் அடிப்பதற்கு அனுமதி உண்டு என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

ஸிர்யாபின் அதே குர்துபாவில் 994இல் பிறந்த இப்னு ஹஸ்ம், கருவிகளைத் தடுக்கும் அறிவிப்புகளின் தொடரில் குறை கண்டு, தம் 'அல்-முஹல்லா'வில் அவை ஆகுமானவை என்று வாதிட்டார். பிற்கால ஹதீஸ் அறிஞர்கள் அவருக்கு விரிவான மறுப்பும் எழுதியுள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நரம்புக் கருவிகளைக் கூடாதவற்றில்தான் சேர்க்கிறார். ஆனால் காரணம் கூறும்போது, அவை இன்பம் தருவதால் அல்ல, குடிகாரர் அவையின் அடையாளமாக இருப்பதால் என்கிறார். இன்பமே காரணம் என்றால் எல்லா இன்பமும் ஹராமாகிவிடும் அல்லவா? எமனின் ஷவ்கானி, இவ்விஷயத்தில் இஜ்மாஃ உண்டு என்ற கூற்றை மறுத்துத் தனி ரிஸாலாவே எழுதினார். நம் உஸ்தாதுமார்களின் கருத்தே நம் கருத்து, அதில் மாற்றமில்லை. ஆயினும் கஸ்ஸாலி இமாம் காரணத்தைத் தேடிய கவனத்தையும், நாம் ஒரு நொடியில் உதிர்த்த காரணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

"அவர்களின் கருவி" என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான முஸ்லிம்களின் சந்ததியினர் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1567இல் இரண்டாம் ஃபிலிப் மன்னரின் ஆணை அவர்களின் அரபு மொழியையும் உடையையும் குளியலறைகளையும் தடை செய்தது. அவர்கள் திருமணங்களில் நடத்திய 'ஸம்ப்ரா' என்னும் ஆடல் பாடலையும் தடை செய்தது. அது இஸ்லாத்தின் அடையாளம் என்பதே காரணம். மொரிஸ்கோக்களில் மூத்தவரான ஃபிரான்சிஸ்கோ நூனெஸ் மூலே, கிரனாடா நீதிமன்றத்துக்கு எழுதிய முறையீட்டில் இதற்குப் பதில் சொன்னார்: ஸம்ப்ரா மார்க்கச் சடங்கே அல்ல, இந்த மண்ணின் வழக்கம், காஜிகளும் ஃபகீஹ்களும் வரும்போது வாத்தியங்களை நிறுத்திவிடுவதுதான் முன்னாளில் முறை என்று. நம் ஃபகீஹ்கள் இஸ்லாத்துக்குப் புறம்பு என்று ஒதுக்கிய இசையை, இஸ்லாம் என்று சொல்லி இன்னொரு அரசு தடுத்தது. முறையீடு பலிக்கவில்லை. 1568இல் மலைநாட்டில் கிளர்ச்சி வெடித்தது. 1609 முதல் 1614 வரை அச்சமூகமே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

கருவி மட்டும் அங்கேயே தங்கியது. ஏறத்தாழ 1800வாக்கில் அது ஆறு நரம்புகளுடன் நிலைபெற்றது. இன்று நாம் காணும் செவ்வியல் கிட்டாரின் உடலமைப்பை வகுத்தவர் 1817இல் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ். அவரது ஊர் அல்மேரியா, அரபியில் அல்-மரிய்யா. ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு போய் நைலான் வந்தது 1940களில்தான். நம் பக்கத்திலோ, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குச் சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தேறியவர் என்பது ஊரறிந்தது.

இவ்வளவையும் படித்த பிறகு அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். மார்க்கத் தீர்ப்பில் நம் கருத்து இதுதான், மாற்றுக் கருத்துள்ள இமாம்களும் இருக்கிறார்கள், முடிவு உங்கள் குடும்பத்தினுடையது என்று தந்தையிடம் சொன்னோம். பையனிடம், "அன்று நான் சொன்ன காரணம் தவறு. நீ சொன்னதில் உண்மை இருந்தது. உன்னை அடக்கியதற்கு மன்னித்துக்கொள்" என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அத்தா, "என்ன ஹஜ்ரத், சின்னப் பிள்ளைக்கிட்டப் போய்" என்று பதறினார். முடிவை அவர் இன்னும் எடுக்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். பையன் மக்தபுக்கு மீண்டும் வருகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

அன்று அவன் இடக்கை விரல் நுனிகளைக் காட்டினான். நான்கும் சிவந்து, ஒன்றில் தோல் உரிந்திருந்தது. எஃகுக் கம்பியை அழுத்தினால் முதல் சில வாரம் இப்படித்தான் இருக்கும், பிறகு தோல் காய்த்துவிடும் என்றான். நாம் அந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சுட்டி ஸப்பாபா, வுஸ்தா, பின்ஸிர், கின்ஸிர் என்று சொல்லி, ஸல்ஸலின் கதையையும் சொன்னோம். அந்த ஒலி கிட்டாரில் எங்கே வரும் என்று கேட்டான். வீணையில் மெட்டு என்பதை இவர்கள் ஃப்ரெட் என்கிறார்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் என்று, படித்ததை வைத்துச் சொன்னோம்.

"நடுவுல வச்சா நாலாவதோட சத்தம்தான் வரும் ஹஜ்ரத்" என்றான். பிறகு சற்று யோசித்து, மூன்றாவதில் விரலை அழுத்தி, கம்பியை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தான்.