தவாவும் துஆவும்: ஏர்வாடித் தீயும் அதற்குப் பிறகும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊர்களில் ஒரு பிள்ளை இரவில் தூங்காமல் தனக்குத்தானே பேசத் தொடங்கினால் முதலில் யாரிடம் போகிறோம்? லெப்பையிடம். தண்ணீர் ஓதி, நூல் கட்டி, இசிம் எழுதிப் பார்ப்போம். சொறிக்கல்முனையில் நம் கிறிஸ்தவ உறவுகள் திருச்சிலுவைக் கோயிலில் நேர்த்தி வைப்பார்கள். வைத்தியசாலை எல்லோருக்குமே கடைசிதான். 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கும் நமக்கு உளநல கிளினிக் வாசலில் நிற்க வெட்கம்.

இந்த வெட்கத்தின் விலையை ஏர்வாடியில் பார்க்கலாம். நம் மூத்தவர்களுக்கு அது தெரியாத ஊரல்ல. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேற்றும் நமக்கு, இராமநாதபுரத்துக் கரையின் தர்ஹாக்களும் கேள்விப்பட்டவைதான். ஏர்வாடி தர்ஹாவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். விளக்கெண்ணெயும் ஓதிய தண்ணீரும் கொடுப்பார்கள். கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு மாதங்களாகும், வருடங்களாகும். கூட இருக்க முடியாத குடும்பங்கள் நோயாளியைப் பக்கத்து விடுதிகளில் காசு கட்டி விட்டுச் சென்றன. அந்த விடுதிகளைத் தர்ஹா நடத்தவில்லை, தனியார் நடத்தினார்கள். இதை மறந்துவிட்டுப் பலர் பழியை துஆவின் மேல் போடுகிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படியொரு விடுதியின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் அரசு அங்கிருந்த விடுதிகளை மூடி, 500க்கும் மேற்பட்டவர்களைப் பொறுப்பேற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்று இந்தியாவின் 2017 மனநலச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம்.

ஆனால் விடுதியை மூடினால் ஜனம் தர்ஹாவுக்கு வராமல் நின்றுவிடுமா? நிற்கவில்லை. இதை முதலில் புரிந்துகொண்டது குஜராத். மெஹ்சானா மாவட்டத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்ஹா இருக்கிறது. 2008இல் அங்கே 'தவா-துஆ' திட்டம் தொடங்கியது. தவா என்றால் மருந்து. தர்ஹா வளாகத்திலேயே உளநல வைத்தியர் அமர்ந்தார். முஜாவிர்களுக்கு நோயின் அடையாளங்கள் சொல்லிக் கொடுக்கப்பட்டன. முஜாவிர் ஓதி முடித்துவிட்டு, "அந்த அறையில் டொக்டரையும் பாருங்கள்" என்று தானே அனுப்புவார். முஜாவிர் சொன்னதால் குடும்பம் மருந்தை நம்பியது. எங்கள் பார்வையில் இதுதான் முழு விஷயமும். வைத்தியர் நூறு தடவை சொன்னாலும் ஏறாத சொல், ஓதியவர் வாயிலிருந்து வந்தால் ஏறும். பின்னர் ஏர்வாடிக்கும் இதே திட்டம் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அவர்களின் நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 வீதம் குறைந்திருந்தது. அங்கே தனியான சடங்கு எதுவும் இல்லை. அச்சுறுத்தாத, ஆதரவான இடம், அவ்வளவுதான். ஆகவே லெப்பையின் திண்ணையில் கிடைக்கும் ஆறுதலை வைத்தியர்களும் இலேசாகப் பேசக் கூடாது.

சங்கிலி நம் மார்க்க வரலாற்றிலிருந்து வந்த விடயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உடலையும் உள்ளத்தையும் சேர்த்துப் பேணுவது பற்றி அபூ ஸைத் அல்-பல்கீ எழுதி ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. கெய்ரோவில் கலாவூன் வக்ஃபாகக் கட்டிய மருத்துவமனை 1284இல் முடிந்தது.

நம் நாட்டில் சுனாமிக்குப் பின், 2005இல் வந்த உளநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டு வரச் சொன்னது. சேவை பக்கத்தில் வந்தது. நாம்தான் இன்னும் பக்கத்தில் போகவில்லை.

ஓதிப் பார்க்கும் ஹஸ்ரத்மார், மௌலவிமாரிடம் எங்கள் வேண்டுகோள் இது. ஓதுங்கள். ஓதி முடித்ததும் "கிளினிக்குக்குக் காட்டினீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மருந்து எடுப்பவரிடம் "மருந்தை விட்டால்தான் ஓதல் பலிக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் 1926 என்ற இலக்கத்தை எழுதி வையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.